பௌர்ணமிக்கு மறுநாள் விழுந்த அடி

தேரடி வீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன மாதம் என்னைப் பார்த்ததும் கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். டீ வந்தது. கடையில் இருந்த நாலைந்து பேரிடம் என்னைக் காட்டி, "எங்க கணக்கு வாத்தியாரு. இவரு அடிச்ச அடியிலதான் இன்னைக்கு நான் கல்லாவுல உட்கார்ந்திருக்கேன்" என்றார். அவர்கள் எல்லாரும் என்னைக் கும்பிட்டார்கள். பிறகு போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். ஜப்பானில் ஏதோ ஒரு பள்ளி. சின்னப் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து ஈரத்துணியால் தரையைத் துடைக்கிறார்கள். "பாருங்க சார், கண்டிப்புன்னா இது. இங்க உங்க கையில இருந்து பிரம்பைப் புடுங்கிட்டாங்க, பசங்க கெட்டுப் போயிட்டாங்க."

நான் பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவன், நாலு பேர் கும்பிடும்போது வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னதை இந்த ஊரில் எங்கு போனாலும் கேட்கலாம். கல்யாண மண்டபத்தில், பஸ்ஸில், பெற்றோர் கூட்டத்தில், ஆசிரியர்களின் ஓய்வறையில் எல்லாம் இதே பேச்சுதான். அந்தக் காலத்தில் அடித்தார்கள், பிள்ளைகள் உருப்பட்டார்கள். இப்போது அடிக்கக் கூடாது என்கிறார்கள், பிள்ளைகள் கெட்டார்கள். இதில் ஒரு வரிகூட உண்மை இல்லை என்பது என் கட்சி. அடித்த கையை வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

அவருடைய நன்றியிலிருந்தே தொடங்குகிறேன். அவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அவருடைய அப்பாவின் கடை, அதற்கு மேல் அவருடைய உழைப்பு. என் பிரம்பு அவருக்கு ஒரு கணக்கையும் சொல்லித்தரவில்லை. அடி வாங்கியும் தாங்கி நின்றவர் அவர். தாங்கி நின்றவர்கள்தான் முப்பது வருஷம் கழித்து வந்து டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். தாங்காதவர்களை நான் தேரடி வீதியில் பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஜூனிலும் வருகைப் பதிவேட்டில் வரிசையாகப் பெயர் எழுதுவோம். காலாண்டுப் பரீட்சை முடிந்து பார்த்தால் நாலைந்து பெயர்களுக்கு நேராக ஆப்சென்ட் மட்டும் நீண்டுகொண்டே போகும். அப்புறம் சிவப்பு மையில் ஒரு கோடு. அவர்களில் சிலர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனார்கள், சிலர் ஓட்டலில் தட்டுக் கழுவினார்கள், பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனது. எல்லாருமே அடிக்குப் பயந்து நின்றார்கள் என்று சொல்ல மாட்டேன். வறுமை இருந்தது. ஆனால் வறுமையில் இருக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வர ஒரு காரணம் வேண்டும். நாங்கள் அவனுக்கு வராமல் இருக்க ஒரு காரணம் கொடுத்தோம். "அடிச்சதாலதான் உருப்பட்டோம்" என்கிற கணக்கில் சிவப்புக் கோடு விழுந்த பெயர்கள் சேர்வதே இல்லை. எந்தக் கணக்கு வாத்தியாரும் இந்தக் கணக்குக்கு மார்க் போட மாட்டார்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1998ஆம் வருஷம். ஏழாம் வகுப்பு. காலையில் வழிபாட்டுக் கூட்டம் முடிந்து முதல் பீரியட் பாதி போன பிறகு வந்து வாசலில் நிற்பான். தினமும் இல்லை, மாதத்தில் ஒரு நாள், சில மாதம் இரண்டு நாள். பள்ளிக்குப் பின்னால் ஒரு புளியமரம் இருந்தது. குச்சி அதிலிருந்துதான். "ஏன்டா லேட்டு?" என்பேன். அவன் பதில் சொல்ல மாட்டான். கையை டவுசரில் ஒரு தடவை துடைத்துக்கொண்டு நீட்டுவான். மற்றவர்கள் குச்சி இறங்கும்போது கையை இழுப்பார்கள், இவன் இழுக்க மாட்டான். அடி விழுந்ததும் கையை அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு போய் உட்காருவான், கொஞ்ச நேரத்தில் டெஸ்க்கில் தலை வைத்துத் தூங்கிவிடுவான். அதற்கும் அடி. ஒரு நாள் அவன் உள்ளங்கையைப் பிடித்து நேராக்கியபோது கற்பூர வாசனை வந்தது. கோயிலுக்குப் போய்விட்டு வருகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் தை மாதப் பௌர்ணமிக்கு என் மனைவியோடு கிரிவலம் போனேன். பதினான்கு கிலோமீட்டர். அடிஅண்ணாமலை தாண்டும்போது ராத்திரி இரண்டு மணி இருக்கும். பாதை ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து, கற்பூரம், எலுமிச்சம்பழம், அகல் எல்லாம் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவன் விழித்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நின்றவன் வலது கையை டவுசரில் துடைத்தான்.

அந்த அம்மாவை எழுப்பவில்லை. என் மனைவி ஒரு ரூபாய்க்குக் கற்பூரம் வாங்கினாள். காலையில் அவன் லேட்டாக வந்தபோது உள்ளே போகச் சொன்னேன். அதற்குள் ஏழு பௌர்ணமி ஆகியிருந்தது. அடுத்த ஜூனில் அவன் வரவில்லை.

அவன் ஏன் சொல்லவில்லை என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். நான் கேட்கவில்லை என்பதுதான் பதில். "ஏன்டா லேட்டு?" என்பது குச்சியை ஓங்கும்போது வாயில் வருகிற சத்தம், அவ்வளவுதான். பதிலுக்காக யாரும் காத்திருப்பதில்லை என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். உட்காரவைத்துக் கேட்டிருந்தால் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். பௌர்ணமிக்கு மறுநாள் முதல் பீரியடை அவனுக்கு விட்டுக்கொடுத்திருக்கலாம், மத்தியானம் உட்காரவைத்து அந்தப் பாடத்தைச் சொல்லித்தந்திருக்கலாம். பிரம்பு கையில் இருந்ததால் எனக்கு அந்த இரண்டு நிமிஷம் தேவைப்படவில்லை. அடி என்பது தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமலே வேலையை முடித்துக்கொள்கிற வழி. முப்பது வருஷ அனுபவத்தில் நான் தெரிந்துகொண்டது இதுதான். கீழே எழுதுவதெல்லாம் இதற்கு ஆதாரம்.

ஜப்பானுக்கு வருகிறேன். அந்த வீடியோவில் இருப்பது உண்மைதான். அங்கே பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே சுத்தம் செய்கிறார்கள், மதியச் சாப்பாட்டை முறை வைத்துத் தாங்களே பரிமாறுகிறார்கள். ஆனால் அது யாருக்கும் தண்டனை இல்லை. எல்லாரும் செய்கிறார்கள், ஆசிரியரும் கூடச் சேர்ந்து செய்கிறார். நம் ஊரில் துடைப்பத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். லேட்டாக வந்தவனிடம், படிக்காதவனிடம். சில பள்ளிகளில் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று பார்த்துக் கழிவறை வேலை கொடுத்ததாகப் புகார்கள் வந்திருக்கின்றன. துடைப்பத்தைத் தண்டனையாக்கிய பிறகு எந்தப் பிள்ளை அதை மனசாரத் தொடுவான்?

அடியைப் பற்றிச் சொன்னால் என் நண்பர்கள் ஆச்சரியப்படுவார்கள். ஜப்பான் 1879லேயே தன் கல்விச் சட்டத்தில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று எழுதியது. போருக்குப் பிறகு 1947இல் வந்த பள்ளிக் கல்விச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அதையே மறுபடி சொன்னது. அப்படியும் அங்கே அடித்தார்கள். சட்டத்தில் ஒன்று, பழக்கத்தில் ஒன்று என்பது நமக்கு மட்டும் சொந்தமில்லை. அப்படி அடித்தும் கெடுபிடி செய்தும் நடத்தியதால் என்ன ஆயிற்று என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

1990 ஜூலை 6. கோபே நகரில் தகத்சுகா உயர்நிலைப் பள்ளி. எட்டரை மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வந்தால் லேட்டு. அன்று கேட்டில் நின்ற ஆசிரியர் மணி ஆனதும் இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் கேட்டைத் தள்ளினார். பிள்ளைகள் கடைசி நொடியில் உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியின் தலை கேட்டுக்கும் தூணுக்கும் நடுவில் சிக்கியது. அவள் இறந்துபோனாள். லேட்டாக வந்தாள் என்பதைத் தவிர அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த ஆசிரியர் கெட்ட மனிதர் என்று நான் நினைக்கவில்லை. அவர் மணியைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், பிள்ளையைப் பார்க்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து என் பள்ளியின் கேட் ஞாபகத்துக்கு வராமல் போனதில்லை.

2012 டிசம்பரில் ஒசாகாவின் சகுரனோமியா உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்து அணியின் கேப்டன், பதினேழு வயதுப் பையன், பயிற்சியாளர் பலமுறை அறைந்ததற்கு மறுநாள் தற்கொலை செய்துகொண்டான். அந்தப் பயிற்சியாளர் ஊரில் பேர் பெற்றவர், அணியை ஜெயிக்கவைத்தவர். அவரிடமும் பழைய மாணவர்கள் நன்றி சொல்லியிருப்பார்கள். அந்தச் சாவுக்குப் பிறகு ஜப்பான் அரசு நாடு முழுக்க விசாரித்தது. அந்த ஒரு கல்வியாண்டில் மட்டும் 6,721 ஆசிரியர்கள் அடித்ததாகவும் பதினான்காயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் அடி வாங்கியதாகவும் தெரிந்தது. எண்ணிப் பார்த்ததையும் எண்ணியதை வெளியிட்டதையும் நான் பாராட்டுகிறேன். பிறகு அவர்கள் வீட்டுக்குள்ளும் போனார்கள். பெற்றோரும் அடிக்கக் கூடாது என்ற சட்டம் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2022இல், பெற்றோருக்குத் தண்டிக்கும் உரிமை உண்டு என்றிருந்த வாசகத்தையே சிவில் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். ஆக, ஜப்பானைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்பவர்கள் சொல்வது சரிதான். பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

அடுத்தது "அந்தக் காலம்". எந்தக் காலம் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். திண்ணைப் பள்ளிக்கூடத்துக் காலமா? 1823இல் பெல்லாரி கலெக்டராக இருந்த கேம்ப்பெல் சென்னை அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கையில் அந்தப் பள்ளிகளின் காலைப் பொழுது இருக்கிறது. முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள். இரண்டாவது வந்தவனுக்கு ஒரு சுழியம். மூன்றாவது ஆளுக்கு லேசாக ஒரு அடி, நான்காவது ஆளுக்கு இரண்டு, அப்புறம் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். கடைசியாக வந்தவன் எத்தனை வாங்கியிருப்பான் என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். யார் கடைசியாக வந்திருப்பான்? வீடு தூரத்தில் இருக்கிறவன், காலையில் மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறவன், தங்கச்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன். பிள்ளையின் கையைக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவதையும் அதே அறிக்கை சொல்கிறது. நம் தாத்தாக்கள் அதற்குக் கோதண்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்றைக்கு எந்தத் தாத்தாவும் கோதண்டத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அதை விட்டதால் யாரும் கெட்டுப்போகவில்லை என்று அவர்களுக்கே தெரியும்.

அடியாத மாடு படியாது என்கிறார்கள். தீபத்தின்போது இங்கே கூடுகிற மாட்டுச் சந்தையில் வளர்ந்த ஊர்க்காரன் நான். மாடு வாயில்லா ஜீவன். கால் வலிக்கிறதா, பசிக்கிறதா, பயமா என்று அது சொல்லாது. பிள்ளைக்கு வாய் இருக்கிறது, கேட்டால் சொல்லும். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பதற்கு அது இறைவன் திருவடி என்று பட்டிமன்றத்தில் அழகாக விளக்கம் சொல்கிறார்கள். தெருவில் அதைச் சொல்லும்போது கை ஓங்கியிருக்கிறதே, அதற்கு என்ன விளக்கம்?

இந்த ஊரில் இன்னொரு வாதமும் உண்டு. "ரமணரே இம்போசிஷன் எழுதினவர்தானே" என்று ஒரு சக ஆசிரியர் என்னிடம் சொல்லியிருக்கிறார். எழுதினார், உண்மை. 1896 ஆகஸ்டு 29ஆம் தேதி, மதுரையில், ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படிக்காததற்காக மூன்று முறை எழுதச் சொன்ன தண்டனை. இரண்டு முறை எழுதினார். மூன்றாவது முறை எழுதாமல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார். அண்ணன் கடிந்துகொண்டார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக இருந்த பணத்தில் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு பதினாறு வயதுப் பையன் ரயிலேறினார். செப்டம்பர் 1ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தார். அவருக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. இம்போசிஷன் அவருக்கு இலக்கணத்தையும் கொடுக்கவில்லை, ஞானத்தையும் கொடுக்கவில்லை. பகவான் பெயரைச் சொல்லி இம்போசிஷனுக்கு ஆதரவு தேடாதீர்கள்.

அந்தக் கதையின் அடுத்த பகுதியை நம் ஊர்க்காரர்கள் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். இங்கே வந்து ஆயிரங்கால் மண்டபத்தில் மௌனமாக உட்கார்ந்திருந்த அந்தப் பையன் மேல் கல்லையும் ஓட்டையும் எறிந்தவர்கள் யார்? இதே ஊர்ச் சிறுவர்கள். அந்தத் தொல்லைக்குத் தப்பித்தான் அவர் பாதாள லிங்கத்தின் இருட்டுக்குள் இறங்கினார். சேஷாத்திரி சுவாமிகள் பார்த்துக் காப்பாற்ற முயன்றார். இது 1896. பிரம்பு கொடிகட்டிப் பறந்த காலம். யாரும் யாருடைய கையிலிருந்தும் அதைப் பிடுங்கவில்லை. அடி வாங்கி வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்கு, ஒரு தொந்தரவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிற ஒருவன் மேல் கல்லெறியக் கூடாது என்கிற ஒழுக்கம் வந்திருக்கவில்லை.

பிரம்பு பிடுங்கப்பட்டது என்கிற பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டு அடி முழுக்கத் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய விதியும் வகுப்பு ஆசிரியருக்குச் சுதந்திரமாக அடிக்க உரிமை கொடுக்கவில்லை. பெரிய ஒழுக்கக் குற்றத்துக்கு மட்டும், தலைமை ஆசிரியர் முன்னிலையில், கையில் ஆறு அடிக்கு மேல் போகாமல் என்று வரம்பு இருந்தது. லேட்டுக்கு அடிக்கலாம் என்று எந்த விதியும் எனக்குச் சொல்லவில்லை. பிடுங்கப்பட்டதாகச் சொல்லும் உரிமை எங்களிடம் இருந்ததே இல்லை. 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் இதற்கான வழிகாட்டுதல்களைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தச் சொல்லி உத்தரவிட்டது. சட்டம் வந்து பதினான்கு வருஷம் கழித்து ஒரு நீதிமன்றம் அதை நினைவுபடுத்த வேண்டியிருந்தது என்றால், பிரம்பு ஒழிந்துவிட்டது என்று சொல்பவர்கள் எந்தப் பள்ளியைப் பார்த்துச் சொல்கிறார்கள்?

என் சக ஆசிரியர்களின் பயம் எனக்குத் தெரியும், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். 2022இல் நம் பக்கத்து ஆம்பூர்ப் பகுதியில் மாணவன் ஒருவன் ஆசிரியரை அடிக்கப் பாய்ந்த வீடியோவை எல்லாரும் பார்த்தோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்கள் அரிவாளோடு சக மாணவனின் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். ஆசிரியர் கையில் பிரம்பு இருப்பதே மாணவனுக்கு ஒரு பயத்தைக் கொடுக்கும் என்ற ரீதியில் 2025இல் கேரள உயர்நீதிமன்றமே கருத்துச் சொன்னது. இதையெல்லாம் காட்டி, இப்போதாவது ஒத்துக்கொள் என்கிறார்கள்.

ஒத்துக்கொள்ள முடியவில்லை. அரிவாள் எடுக்கிறவன் புளியங்குச்சிக்குப் பயப்படுவானா? நாங்குநேரியில் நடந்தது சாதி வெறி. அதை ஆராய அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. அது பேசியது சாதி அடையாளம் காட்டும் கயிறுகளைப் பற்றி, பள்ளிக்குள் சாதி எப்படி நுழைகிறது என்பதைப் பற்றி. பிரம்பு உள்ள வகுப்பில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்: ஊர்ப் பெரியவர் மகனை அடிக்கும்போது எங்கள் கை கொஞ்சம் தாழும், கேட்க ஆளில்லாத பிள்ளையை அடிக்கும்போது தாழாது. நாங்கள் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்கிற பாடத்தை அவர்கள் எங்களிடம்தான் படித்தார்கள். அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை என்று, ஐம்பது வருஷ ஆய்வுகளிலிருந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். எனக்கு அந்த ஆய்வு தேவைப்படவில்லை. என்னிடம் அடி வாங்கியவன் இடைவேளையில் தன்னைவிடச் சின்னவனைத் தேடிப் போவதை வராந்தாவில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஆசிரியருக்கு வேண்டியது வேறு. தொடக்கப் பள்ளியில் முப்பது பேருக்கு ஒருவர், நடுநிலையில் முப்பத்தைந்து பேருக்கு ஒருவர் என்று சட்டம் சொல்கிறது. அது நடந்தால் ஒவ்வொரு பிள்ளையின் வீடும் ஆசிரியருக்குத் தெரியும். கையை மீறிப் போகிற பிள்ளையை உட்காரவைத்துப் பேச ஒரு மனநல ஆலோசகர் ஒன்றியத்துக்கு ஒருவராவது வேண்டும். ஆசிரியரை மிரட்டுகிற மாணவன் விஷயத்தில் தலைமை ஆசிரியரும் நிர்வாகமும் ஆசிரியர் பக்கம் நிற்க வேண்டும். இவற்றைக் கேட்டு ஆசிரியர்கள் தெருவில் இறங்கட்டும், நானும் வருகிறேன். பிரம்பைக் கேட்டால் அரசாங்கத்துக்கு லாபம். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

போன வாரம் மறுபடி பாத்திரக் கடைக்குப் போனேன். இதில் பாதியை அவரிடம் சொன்னேன். கிரிவலப் பாதையில் பார்த்த பையனைப் பற்றிச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார். "அவன் எங்க செட்டுதான் சார். எங்களுக்கெல்லாம் தெரியும்" என்றார். வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. யாரும் என்னிடம் சொல்லத் துணியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தன் மகன் ஏழாவது படிப்பதாகவும் இரண்டு வாரமாகக் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வதாகவும் சொன்னார். "என்னன்னு கேட்டியா தம்பி?" என்றேன். "இல்ல சார். ரெண்டு வச்சு அனுப்பிட்டேன்."

பையன் கடைக்குப் பின்னால் குடங்களுக்கு நடுவில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். அப்பா கூப்பிட்டார், "இங்க வாடா, எங்க சார் வந்திருக்காரு." வாத்தியார் என்று தெரிந்ததும் அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். டீக்கடைக்கு ஒரு பால் சொல்லச் சொல்லிவிட்டு, என் பக்கத்தில் இருந்த ஸ்டூலை அவனுக்கு இழுத்துப் போட்டேன்.